முன்வாசல் வழியாக

விரிப்பின் நான்காவது மூலையை மடித்து மெத்தைக்கு அடியில் செருகியபோதுதான், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. கட்டிலில் கணவர் கிடந்தார். போர்வை அவர் கழுத்துவரை ஒரு சுருக்கமில்லாமல் இருந்தது. குளியல்தொட்டியைத் துடைத்தாகிவிட்டது. இரண்டு தம்ளர்களும் கழுவிக் கவிழ்த்திருந்தன. ஆறு மணிக்கு அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். கீழே போன் செய்து சொன்னாள். ஆறரைக்குள் அறையைச் சுத்தம் செய்து முடித்துவிட்டாள். முதலில் தொட்டி, பிறகு தம்ளர், கடைசியில் கட்டில். இருபத்தாறு வருஷம் இதே ஓட்டலில், இதே அறையில், அவள் செய்த வரிசை அது.

முட்டி வலித்தது. கட்டில் ஓரத்தில் உட்காரப் போனாள். உட்கார்ந்தால் கசங்கும். நாற்காலியின் முன்விளிம்பில் உட்கார்ந்தாள்.

ஏழரைக்கு டாக்டர் வந்தார். பக்கத்து ஊரிலிருந்து வருகிறவர். ஓட்டல் ஆட்கள் எல்லோருக்கும் அவர்தான் டாக்டர். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"யாரும்மா சுத்தம் பண்ணினது?"

"நான்தான்."

"எதுக்கு?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"எதையும் தொடக்கூடாதும்மா. தெரியாத ஆளா இருந்தா இன்னிக்கு உங்களை ஆயிரம் கேள்வி கேக்கணும்." அவர் போர்வையை விலக்கினார். அவள் செருகியிருந்தது இறுக்கமாக இருந்தது. இரண்டு முறை இழுக்கவேண்டியிருந்தது. "கடைசியா என்ன பண்ணினார்?"

"அஞ்சு மணிக்கு எழுந்து வெந்நீர்ல குளிச்சாரு. அசதியா இருக்குன்னு படுத்தாரு."

"அசதின்னு எல்லாரும்தான் சொல்றோம்."

"இவர் சொன்னதில்ல."

டாக்டர் காதிலிருந்து குழாயை எடுத்தார். "போன வருஷமே சொன்னேன், இந்த இதயத்தை வச்சுக்கிட்டு நெருப்புகிட்ட நிக்காத, வேலையை விடுன்னு."

"விட்டுட்டாரே. பதினோரு நாளாச்சு."

டாக்டர் இறப்புச் சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பழைய கல்மாளிகை அது. சுற்றிலும் காடு. கேட்டிலிருந்து வாசலுக்குக் காரில் வரவே ஏழு நிமிஷம் ஆகும். எந்தச் சத்தமும் கேட்காமல் இருப்பதற்காக ஆட்கள் எங்கெங்கிருந்தோ வந்து தங்குவார்கள். மாளிகைக்குப் பின்னால் பாய்லர் அறை. கணவர் முப்பத்தொரு வருஷம் அதில் இருந்தார். அத்தனை அறைகளுக்கும் வெந்நீர் அவர் கையிலிருந்துதான் போனது. அந்த வெந்நீர் ஓர் அறையில் போய் விழுவதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றபோது ஓட்டல் அவர்களுக்கு இரண்டு நாள் தங்கல் கொடுத்தது. மாடியில், மரங்களைப் பார்த்த பெரிய அறை.

நேற்று மதியம் வந்து இறங்கினார்கள். வாசல்காவலர் கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்தார். நாள் முழுக்க அசையாமல் நிற்பதால் எல்லோரும் அவரைக் கம்பம் என்பார்கள். கம்பம் சிரித்ததை நேற்றுதான் அவள் முதல்முறை பார்த்தாள். கணவர் மிதியடியில் காலை மூன்று தடவை துடைத்தார். உள்ளே நுழைந்ததும் அவள் கால் தானாக இடதுபக்கம், வேலைக்காரர் வழிக்குத் திரும்பியது.

அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "ஏய், எங்க போற? பாத்திரம் தேய்க்கவா? நாம கெஸ்ட்டு."

"மறந்துட்டேன்."

"நல்லா மறந்த. நாளான்னைக்குப் போறப்பவும் இதே வாசல்தான். பழக்கதோஷத்துல நீ பின்பக்கம் எறங்கிடாத. நான்பாட்டுக்கு வண்டில உக்காந்து காத்துட்டிருப்பேன்."

அப்புறம் இன்று காலை ஐந்து மணி. ஐந்துக்குத்தான் அவர் எப்போதும் பாய்லரை மூட்டுவார். அவள் கண் விழித்தபோது குளியலறை விளக்கு எரிந்தது. தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, குழாய்க்கு அடியில் கையை நீட்டி, வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"பேசாதே. முப்பத்தெட்டு. முப்பத்தொம்பது. நாப்பது. நாப்பத்தொண்ணு. ஆ, வந்துருச்சு." கையை உதறினார். "நாப்பத்தொண்ணுடி. குளிர்ல உடுப்பில்லாம ஒரு மனுசன் நாப்பத்தொண்ணு எண்ணணும். வெந்நீர் லேட்டு லேட்டுன்னு அதுங்க புலம்பினப்பல்லாம் நான் என்ன சொல்லுவேன்?"

"பொறுமை கெட்ட ஜனம்னு சொல்லுவீங்க."

"பாவம்டி" என்றார்.

அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அவர் வந்து படுத்தது, அசதி என்று சொன்னது, அரைத்தூக்கத்தில் நினைவிருக்கிறது. என்ன அசதி என்று அவள் கேட்கவில்லை.

மகளுக்குப் போன் செய்தாள். மகள் அழுதாள். வீட்டுக்கு வந்துசேர மாலை ஆகிவிடும் என்றாள். "சரி, பார்த்து வா" என்று வைத்துவிட்டாள்.

எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. இரண்டு மெல்லிய தட்டு, ஓர் இடைவெளி, இன்னொரு தட்டு. அவள் கற்றுக்கொடுத்த தட்டு அது. மேனேஜர் உள்ளே வந்தார். பின்னால், சாவிக்கொத்து என்று எல்லோரும் கூப்பிடும் பெண். அறைகளுக்கெல்லாம் இப்போது அவள்தான் பொறுப்பு. இடுப்பில் அத்தனை சாவிகளும் குலுங்கும். அவளோடு பதினெட்டு வருஷம் எதிரெதிர்ப் பக்கம் நின்று விரிப்பு விரித்தவள். ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, நேத்துகூட என்னை வம்புக்கு இழுத்தாரேக்கா. 'சாவி, எனக்குத் தலையணைல சாக்லேட்டு வக்கலியே'ன்னு."

"வச்சியா?"

"ரெண்டு வச்சேன்."

"ரெண்டையும் அவரே தின்னுட்டாரு."

இருவரும் சிரிப்பதற்குப் பக்கத்தில் போய்த் திரும்பினார்கள். அப்போதுதான் திறந்திருந்த கதவின் வழியே வராந்தாவில் நின்ற டிராலியை அவள் பார்த்தாள். அழுக்குத்துணி தள்ளும் நீள டிராலி. ஒருபக்கம் வெள்ளை டவல்கள் அடுக்கியிருந்தன. இருபது இருக்கும்.

அது எதற்கு என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. தங்க வந்த இடத்தில் ஆள் இறந்துபோவது எல்லா ஓட்டலிலும் நடப்பதுதான். இங்கே அதற்கு ஒரு முறை இருந்தது. மற்ற விருந்தினர் கீழே காலைச்சாப்பாட்டில் இருக்கும் நேரம். உடல் டிராலியில், மேலே டவல்கள். வேலைக்காரர் லிஃப்டில் இறங்கி, துணி வெளுக்கும் இடம் தாண்டி, சமையல்பக்கத்துக் கேட். ஆம்புலன்ஸ் சத்தம் போடாமல் அங்கே நிற்கும். அவள் காலத்தில் நான்கு பேர் அப்படிப் போனார்கள். இரண்டு பேரை அவள் தள்ளியிருக்கிறாள். டவலை எப்படி அடுக்கினால் உருவம் தெரியாது என்று கண்டுபிடித்தவளும் அவள்தான்.

"வேண்டாம்" என்றாள்.

மேனேஜருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. கைகளைக் கோத்துக்கொண்டார். "அம்மா, என்ன செலவு, என்ன உதவின்னாலும் ஓட்டல் பாத்துக்கும்."

"முன்வாசல் வழியா போகட்டும்."

"அம்மா."

"வர்றப்ப அப்படித்தான் வந்தாரு. புத்தகத்துல கையெழுத்துப் போட்டிருக்காரு. அவரும் கெஸ்ட்தான்."

"கெஸ்ட்டுக்கும் அதே வழிதாம்மா" என்றார் மேனேஜர். குரலை உயர்த்தவில்லை. "ஒருத்தரையும் நாங்க முன்னால கொண்டுபோனதில்ல. உங்களுக்குத் தெரியாததா? நீங்களே தள்ளிட்டுப் போயிருக்கீங்க."

உண்மைதான். கண்கள் எரிந்தன. படுத்தால் இரண்டு நாள் தூங்குவாள் போலிருந்தது. எந்த வாசலாக இருந்தால் என்ன, போகிறவருக்குத் தெரியவா போகிறது? அவர் இருந்திருந்தால், "விடுடி, மல்லுக்கு நிக்காத" என்பார். சொல்லிவிட்டு மறுநாள் முழுக்க ஊமையாக இருப்பார்.

"ஒன்பது மணிக்குப் புதுசா கல்யாணமான ஜோடி ஒண்ணு வருது" என்றார் மேனேஜர். "வாசல்லயே இதைப் பார்த்தா என்ன நினைப்பாங்க? கொஞ்சம் யோசிங்க."

சாவிக்கொத்து அவள் கையைப் பிடித்தாள். "வாக்கா. இந்தப் பக்கம்தான் கிட்ட."

சொல்லிவிட்டுச் சாவிக்கொத்து நிறுத்திக்கொண்டாள்.

அந்த வாசகமும் அவளுடையதுதான். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால், டிராலிக்குப் பின்னால் இரவு உடுப்போடும் ஒற்றைச் செருப்போடும் ஓர் அம்மாள் நடந்து வந்தாள். முன்தினம்தான் புருஷனோடு வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டவள். 'ஏன் இப்படிச் சுத்திப் போறோம்?' என்று கேட்டாள். 'இந்தப் பக்கம்தான் கிட்டம்மா' என்று இவள் சொன்னாள். டிராலியின் மறுமுனையைப் பிடித்திருந்தது சாவிக்கொத்து. அந்த அம்மாள் நம்பினாள். நன்றி என்றுகூடச் சொன்னாள்.

"பின்பக்கம் எரநூத்தி முப்பது அடி" என்றாள் அவள். "முன்பக்கம் தொண்ணூறு. நான் நடந்த எடம்டி."

சாவிக்கொத்து அவள் கையை விட்டாள். வராந்தாவுக்குப் போனாள். டவல் அடுக்கை இரண்டு கையாலும் தூக்கி எதிரில் இருந்த அலமாரிக்குள் வைத்தாள். டிராலியைத் திருப்பினாள். அதன் ஒரு சக்கரம் எப்போதும் கீச்சிடும். கீச்சிட்டுக்கொண்டே வராந்தாவின் கோடிவரை போய் நின்றது.

"என்ன பண்றீங்க?" என்றார் மேனேஜர்.

"எனக்கு இடுப்பு வலி சார். என்னால தள்ள முடியாது" என்றாள் சாவிக்கொத்து. "வேற யாரையாவது கூப்பிடுங்க. வருவாங்களான்னு பாருங்க."

மேனேஜர் மணியைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். மூக்கின் மேல்பகுதியை விரல்களால் அழுத்திக்கொண்டார். அவரும் இரவெல்லாம் தூங்காதவர் போல இருந்தார். பிறகு போனை எடுத்தார். "ஆம்புலன்ஸை முன்னால வரச்சொல்லு. ஆமா, முன்னாலதான். ஸ்ட்ரெச்சரோட ரெண்டு பேர் மேல வரட்டும்." போனை மூடினார். "எட்டே முக்காலுக்குள்ளம்மா."

"சரிங்க."

இருவர் வந்தார்கள். அவளே போர்வையின் மூலைகளை உருவிவிட்டாள். அவரைத் தூக்கி மாற்றியபோது தலைமுடி இன்னும் லேசாக ஈரமாக இருந்தது தெரிந்தது. வெள்ளைத் துணியால் மூடினார்கள். சாவிக்கொத்து முன்னால் நடந்தாள், சாவிகள் குலுங்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

பெரிய படிக்கட்டின் தலைப்பில் அவள் நின்றாள். கீழே சாப்பாட்டு அறையிலிருந்து வந்த ஒருவர் கையில் செய்தித்தாளோடு சுவர் ஓரமாக ஒதுங்கினார். கம்பம் கதவின் ஒரு பக்கத்தைத் திறந்தார். ஸ்ட்ரெச்சர் நுழைய அதுவே போதும். அவர் மறுபக்கத்தையும் திறந்தார். தொப்பியைக் கழற்றினார். வெளியே வெயில் வந்திருந்தது. மிதியடியின்மேல், தூக்கி வந்தவர்கள் ஒரு கணம் நின்று பிடியை மாற்றிக்கொண்டார்கள்.

"வாங்கக்கா" என்று கீழிருந்து சாவிக்கொத்து கூப்பிட்டாள்.

"செருப்பு. அவரு செருப்பு ரூம்ல இருக்கு. எடுத்துட்டு வரேன். நீ அவர்கிட்ட இரு."

செருப்பு கட்டிலுக்கு அடியில் ஜோடியாக இருந்தது. கண்ணாடியையும் மாத்திரை டப்பாவையும் பைக்குள் போட்டாள். கட்டில் கலைந்து கிடந்தது. விரிப்பை உருவினாள். தலையணை உறைகளைக் கழற்றினாள். கதவுக்குப் பின்னால் அவர் தொங்கவிட்டிருந்த டவலை எடுத்தாள். அது ஈரம் காயாமல் கனத்தது. எல்லாவற்றையும் விரிப்புக்குள் வைத்து மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டாள். விளக்கை அணைத்தாள். கதவைச் சாத்தினாள். வராந்தாவில் நடந்தாள்.

இடுப்பால் ஒரு கதவைத் தள்ளித் திறந்தபோது சோப்பும் நீராவியும் முகத்தில் அடித்தன.

துணி வெளுக்கும் முற்றம். கொடிகளில் விரிப்புகள் ஆடின. இங்கே யாரும் இல்லை. ஒரு கையில் அவருடைய செருப்பு. தோளில் மூட்டை. லிஃப்டில் இறங்கியது, திரும்பியது, எதுவும் நினைவில் இல்லை. கால் கொண்டுவந்து விட்டிருந்தது. மாளிகைக்கு அந்தப்பக்கம், முன்வாசலில், வண்டியின் எஞ்சின் ஓடும் சத்தம் சன்னமாகக் கேட்டது.

திரும்பி லிஃப்டில் மேலே போனால் பெரிய படிக்கட்டில் இறங்கவேண்டும். முட்டி தாங்காது. சுவரைச் சுற்றி வெளியாகவே நடந்தாள். பாய்லர் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. அங்கிருந்து கிளம்பிய குழாய் அவள் தோள் உயரத்தில் சுவரோடு ஓடி மாளிகைக்குள் நுழைந்தது. மாடியில் யாராவது குழாயைத் திறந்தால் அது ஒருமுறை 'டொக்' என்று அடிக்கும். அவர்தான் ஒருநாள் காட்டிக்கொடுத்தார். அவள் பக்கத்தில் வரும்போது அடித்தது.

அவள் நின்றாள். செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளங்கையைக் குழாயின்மேல் வைத்தாள். சுட்டது. எடுக்கவில்லை.

முன்பக்கத்திலிருந்து, "அக்கா, அக்கா" என்று சாவிக்கொத்தின் குரல் வந்தது. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று.

மாடியில் யாரோ ஒருவருக்கு இப்போது வெந்நீர் வந்திருக்கும். அவள் மூட்டையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு முன்வாசலைப் பார்த்து நடந்தாள்.