ஈ இல்லு நீதி

என் மச்சான் கண் கலங்கி வந்தால் கையில் ஏதாவது காகிதம் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், ஒரு தடவைகூடத் தவறியதில்லை. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு சாமான்களோடு வந்தார். ஒன்று பென்டிரைவ். இன்னொன்று காக்கி உறை. உறைக்குள் இருந்ததற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். என் மாமனார் விட்டுப்போன வீட்டில் தங்கைக்கு உள்ள பாதியை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக அவள் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பாதியில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். ஓர் அறை, ஓர் அடுப்படி, பின்னால் துணி காயப்போட நாலடி இடம். கையெழுத்து விழுந்த மறுவாரம் முழு வீட்டையும் விற்றுவிடுவார். எனக்கு எழுபத்திரண்டு, அவளுக்கு அறுபத்தாறு. நாங்கள் எங்கே போவோம் என்று அதில் ஒரு வரி இல்லை.

"இதுல யாருக்கு மச்சான் விடுதலை?" என்று கேட்டேன்.

"அது சட்ட வார்த்தை மாப்பிள்ளை. உங்களுக்குப் புரியாது."

எனக்குப் புரியாததை எல்லாம் நான் நம்புவதில்லை. ஆனால் கையெழுத்து என்னுடையது இல்லையே. அவள் அண்ணனைப் பார்த்தால் பத்து வயதுக்குப் போய்விடுவாள். அவரும் "பாப்பா, பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். பாப்பாவுக்கு முழங்கால் வலி, பாப்பாவுக்கு மேல்வரிசையில் பல்செட்.

"கையெழுத்து கெடக்கட்டும் பாப்பா. முதல்ல நம்ம படத்தைப் பாப்போம். தேடிப் பிடிச்சேன்" என்றார்.

அவர்கள் படம் என்றால் ஒரே படம்தான். சின்ன வயதில் வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஒரு தெலுங்குப் படம் வந்து ஐந்து வாரம் ஓடியிருக்கிறது. அண்ணன் தங்கை பாசக் கதை. இரண்டு பேரும் நான்கு முறை பார்த்து நான்கு முறையும் அழுதார்களாம். இருவருக்கும் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. திரையில் வாய் அசைய அசைய, அண்ணன்தான் தங்கை காதில் அர்த்தம் சொல்வாராம். அவருக்கு யார் சொன்னார்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஜன்னலைச் சாத்தினார். பத்திரத்தை டீப்பாய் மேல் விரித்து அதன்மேல் பேனாவை வைத்தார். "அந்த அண்ணனும் தங்கச்சியும் எப்படி நடந்துக்கிட்டாங்களோ, நாமளும் அப்படியே நடந்துக்கணும். என்ன பாப்பா?"

"சரிண்ணே" என்றாள்.

படத்து அண்ணன் விறகு வெட்டினான், மூட்டை தூக்கினான், ஊசியில் நூல் கோத்தான், எல்லாவற்றையும் அழுதுகொண்டே செய்தான். தங்கை அவன் அழாத நேரத்தில் அழுதாள். மச்சான் அர்த்தம் சொல்லிக்கொண்டே இருந்தார். "எனக்கு ஒண்ணும் வேண்டாம்ணே, எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோங்கிறா, பாப்பா." திரையில் அந்தப் பெண் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

என் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அழுகை நடிப்பில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். உண்மையாகவே தேம்பித் தேம்பி அழுதார். அழுதபடியே பத்திரத்தை அவள் பக்கம் ஒரு விரற்கடை நகர்த்தினார்.

அப்போது பெரிய கட்டம் வந்தது. மழை. வாசலில் தங்கை பெட்டியோடு நிற்கிறாள். அண்ணன் சுவரில் கை வைத்து, நெஞ்சைத் தொட்டு, "ஈ இல்லு நீதி அம்மா" என்கிறான்.

"கேட்டியா பாப்பா," மச்சான் அவள் காதருகில் குனிந்தார். "நீதி இல்லங்கிறான். கூடப் பொறந்தவனுக்கு இந்த உலகத்துல நீதி இல்லையாம்."

அவள் பேனாவை எடுத்துவிட்டாள்.

"நிறுத்துங்க மச்சான். அது அந்த நீதி இல்ல" என்றேன்.

"நீங்க எப்ப மாப்பிள்ளை தெலுங்கு படிச்சீங்க?"

"தமிழே ஒழுங்காப் படிக்கல. லேத் பட்டறையில எனக்குப் பக்கத்து மெஷின் தெலுங்குக்காரன். வீடு கட்டிக்கிட்டிருந்தான். தினம் இல்லு, இல்லுன்னு அதே பேச்சு. கட்டி முடிச்ச அன்னைக்கு வந்து 'ஈ இல்லு நாதி'ன்னான். நாதி இல்லாமப் போயிட்டான் போலன்னு நெனச்சு, அவனைக் கட்டிப் பிடிச்சு, நான் இருக்கேன்டான்னு ஆறுதல் சொன்னேன். பட்டறையே ஒரு மாசம் சிரிச்சுது. இல்லுன்னா வீடு. நாதின்னா என்னோடது. நீதின்னா உன்னோடது."

திரையில் மழை பெய்துகொண்டிருந்தது.

"அப்படின்னா அவன் என்ன சொல்றான்?" என்று அவள் கேட்டாள்.

"இந்த வீடு உன்னோடதும்மாங்கிறான்."

"திருப்பிப் போடுங்க."

போட்டேன். அண்ணன் சுவரைத் தொட்டான். மறுபடி போடச் சொன்னாள். மூன்றாம் முறை அவள் திரையைப் பார்க்கவில்லை, மச்சானைப் பார்த்தாள்.

"அண்ணே, அவங்க மாதிரியே நடந்துக்கணும்னியே."

"பாப்பா, அது சினிமா."

"நானும் சினிமாதான்ணே பாத்துக்கிட்டிருந்தேன். நீதான் நடுவுல பத்திரத்தை வெச்ச." பேனாவுக்கு மூடி போட்டாள். பத்திரத்தை மடித்து உறைக்குள் வைத்து அவர் மடியில் வைத்தாள். "கண்ணைத் துடைச்சுக்கோ. டீ போடவா?"

அவருக்கு டீ வேண்டாமாம். வாசல்வரை நான் போனேன். படியில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, பொய் சொல்லாதீங்க. நிஜமாவே அதுக்கு அதான் அர்த்தமா?"

"அதான்."

"அம்பது வருஷத்துக்கு மேல அழுத படம்" என்றார். மூக்கை உறிஞ்சினார். "கெடுத்துட்டீங்களே."

திரும்பி வந்தால் அவள் அதே நாற்காலியில் இருந்தாள். பென்டிரைவ் டிவியிலேயே இருந்தது.

"மிச்சத்தைப் போடுங்க" என்றாள். "நீங்களே அர்த்தம் சொல்லுங்க."

"எனக்கு மூணு வார்த்தைதான் தெரியும்."

"போதும்."

போட்டேன். யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இல்லு என்ற சொல் வந்தபோதெல்லாம் அவள் என் பக்கம் திரும்பினாள். நான் "வீடு" என்றேன்.