ஆள் வராத குடித்தனம்

கத்திரிக்காய் வாங்குகிறவன்கூட ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்க்கிறான், காம்பைத் திருப்பிப் புழு இருக்கிறதா என்று பார்க்கிறான். வீடு எடுக்கிறவன் மட்டும் இப்போதெல்லாம் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. கடல் தாண்டி எங்கோ உட்கார்ந்துகொண்டு, போனை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து, இது நன்றாக இருக்கிறது என்று அட்வான்ஸ் அனுப்பிவிடுகிறான். அனுப்பியான பிறகு, ‘ஒருதரம் போய்ப் பார்த்துட்டு வாயேன்’ என்று ஊரில் இருக்கிற கிழவனை விரட்டுகிறான். தாலி கட்டிவிட்டுப் பெண் பார்க்கப் போகிற கதை. நாகபூஷணத்துக்கு இதில் கோபம்கூட வரவில்லை. உலகம் இப்படித்தான் குட்டிச்சுவராகப் போகும் என்று அவர் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார். கேட்கத்தான் ஆள் இல்லை.

அவர் சித்தூருக்கு அடுத்த பங்காருபாளையத்துத் தமிழர். மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துக் காயை மண்டிக்கு ஏற்றி அனுப்பியவர். கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் படிப்பு இல்லை. பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு தனியாகப் பொங்கித் தின்கிறார். ஒரே மகள் உதயா, புருஷனோடும் பெண்ணோடும் குவைத்தில் இருந்தாள். இப்போது அங்கே மருமகன் சுரேஷ்பாபுவின் வேலை முடிந்துவிட்டது. திருப்பதியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. பேத்தி ஹரிதாவுக்கும் திருப்பதியிலேயே பள்ளிக்கூடத்தில் இடம் சொல்லியாகிவிட்டது. மூன்று பேரும் அடுத்த புதன்கிழமை வந்து இறங்குகிறார்கள். வீட்டைப் போனிலேயே பார்த்து, போனிலேயே பேசி முடித்திருந்தார்கள். சாவியை வாங்கி வைக்க வேண்டியது நாகபூஷணத்தின் வேலை. வீடு என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா என்று பார்ப்பது அவராகவே சேர்த்துக்கொண்ட வேலை.

சித்தூர் வந்து பஸ் மாறித் திருப்பதியில் இறங்கினார். புரோக்கர் பவன்குமார் வண்டியோடு நின்றிருந்தான்.

“வாங்க தாத்தா. உதயா அக்கா போட்டோ அனுப்பிச்சாங்க, அத்த வெச்சுதான் கண்டுபுடிச்சேன்.”

“யாருக்கு யார்ரா தாத்தா? வீட்டக் காட்டு மொதல்ல.”

கொர்லகுண்டாவில் ஒரு சந்துக்குள் வீடு இருந்தது. மாடியில் இவர்களுக்கு, கீழே வீட்டுக்காரி. இருக்கிறது என்று தெரிந்ததும் நாகபூஷணத்துக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. இருக்காது என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் அடித்துச் சொல்லியிருந்தார்.

மேலே போனதும் ஹாலின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார்.

“போன்ல பாத்தப்ப கல்யாண மண்டபம் கணக்கா இருந்துச்சி. இப்ப கைய நீட்டுனா செவுரு இடிக்குது.”

“வீடியோல எல்லா வீடும் கொஞ்சம் பெருசாத் தெரியும் தாத்தா. அது லென்ஸு.”

“அப்ப அந்த லென்ஸுலயே குடித்தனம் பண்ணச் சொல்லு.”

குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீரை வாயில் விட்டுத் துப்பினார். உப்பு. குடிக்கிற தண்ணீர் கேனில் வரும் என்றான் பவன்குமார். படுக்கையறை ஜன்னலைத் தள்ளினார். பக்கத்து வீட்டுச் சுவர் மூக்குக்கு நேராக நின்றது. வீடியோவில் அந்த ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொன்னார். திரை நல்ல திரை என்று பவன்குமார் சொன்னான்.

அதற்குள் வீட்டுக்காரி கிருஷ்ணம்மா மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தாள். தெலுங்குக்காரி. தமிழும் பேசுவாள், இரண்டையும் கலந்துதான் பேசுவாள். முந்தானை முடிச்சில் சாவி தொங்கியது.

“ரண்டி பெத்தாயனா, வாங்க. பால் எப்போ பொங்கிக்கறீங்க?”

“அவங்க வந்து காச்சுவாங்கம்மா. அடுத்த புதன்கெழம வராங்க. ஆடி பொறக்கறதுக்கு முந்தி வந்துடணும்னு என் பொண்ணு காலண்டர் பாத்துதான் டிக்கெட்டு போட்டிச்சி.”

கிருஷ்ணம்மா முடிச்சை அவிழ்க்கப் போன கையை எடுத்துவிட்டாள்.

“புதன்கெழமையா? அப்போ ஆஷாடம் வந்துடும் கதண்டி. நாளைக்கு அமாவாச. நாளான்னைக்கே எங்களுக்கு ஆஷாடம். ஆஷாடத்துல புதுக் குடித்தனம் நான் ஏத்த மாட்டேன்.”

இதுதான் இந்தப் பக்கத்துச் சிக்கல். தமிழனுக்கும் ஆகாத மாதம் ஒன்று உண்டு, தெலுங்கனுக்கும் ஒன்று உண்டு, பெயர்கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் தமிழனுக்கு மாதம் சூரியனைப் பார்த்துப் பிறக்கிறது, தெலுங்கனுக்கு அமாவாசை கழிந்ததும் பிறக்கிறது. ஆகையால் அவர்களுடைய ஆஷாடம் முன்னால் வந்து நிற்கும், நம்முடைய ஆடி பின்னால் வந்து சேரும். சித்தூர்ப் பக்கம் இருக்கிற தமிழர்கள் சுவரில் இரண்டு காலண்டரும் மாட்டியிருப்பார்கள். கல்யாணம் பேசினாலும் கடை திறந்தாலும் இரண்டையும் பார்த்துத்தான் நாள் சொல்வார்கள். உதயா குவைத்துக்குப் போய் வருஷம் பல ஆகிவிட்டது. அவள் போனில் இருந்தது தமிழ்க் காலண்டர் ஒன்றுதான்.

“சரி, ஒங்க ஆஷாடம் கழிஞ்சதும் வந்தா ஆவுமா?”

“பேஷா வரலாம். சிராவணம், மஞ்சி மாசம், நல்ல மாசம்.”

“அது எங்களுக்கு ஆடி. நடு ஆடி. நாங்க வர மாட்டோம்.”

“அப்போ ஆடி கழிஞ்சி வாங்க.”

“அதுவரைக்கும் மூணு பேரும் கோயில் சத்திரத்துல படுக்கறதா?”

அது கிருஷ்ணம்மாவின் கவலை இல்லை. வடமாலபேட்டையிலிருந்து ஒரு லெக்சரர் இதே வீட்டைக் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். இன்றைக்கே பால் பொங்கிக்கொள்கிறேன் என்கிறாராம். முன்பு ஒருதரம் ஆஷாடத்தில் ஆளை ஏற்றியதில், வந்தவன் புருஷன் பெண்டாட்டி சண்டையில் பாதியில் காலி செய்துகொண்டு போனான். அதிலிருந்து அவள் கெட்டி. வாங்கின அட்வான்ஸைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள்.

“பணம் கெடக்கட்டும்மா. நாளைக்கு வெச்சிக்கலாமே. நெறஞ்ச அமாவாச, நல்ல நாளு.”

“அமாவாசலயா? நாராயணா. நாங்க அன்னைக்கு வெளியூருக்கே போவ மாட்டோம்.”

“எங்களுக்கு நல்லது ஒங்களுக்கு ஆவாது. ஒங்களுக்கு நல்லது எங்களுக்கு ஆவாது. ஒரே ஊருல எப்பிடித்தான் இத்தினி காலம் இருந்தோமோ.”

“இன்னைக்கு ஒண்ணுதான் இருக்குது பெத்தாயனா. குருவாரம், வியாழக்கெழம. ராகு காலம் வரதுக்குள்ள முடிக்கணும்.”

நாகபூஷணம் வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டார். முகம் தெரிகிற மாதிரி பவன்குமார்தான் தன் போனில் போட்டுக் கொடுத்தான். உதயாவுக்குப் பின்னால் பெட்டிகள் வாய் திறந்து கிடந்தன.

அவர் முதலில் வீட்டின் குறைகளைச் சொன்னார். தண்ணீர் உப்பு, ஜன்னலுக்குக் காற்று இல்லை, ஹால் கோழிக்கூண்டு. பிறகுதான் ஆஷாடத்தைச் சொன்னார்.

“நைனா, இங்க வீட்ட காலி பண்ணிக் குடுத்தாச்சி. நாங்களே இப்ப சினேகிதங்க வீட்லதான் துன்னுகினு படுத்துகினு கீறோம். சாமான் கப்பல்ல வந்துகினு கீது. அதுமேல அந்த வீட்டு அட்ரஸ்தான் எழுதிக் கீது.”

“பங்காருபாளையத்துக்கு வாங்க. எனுக்கு இன்னா வீடு இல்லியா?”

“அங்கேருந்து அவரு தெனம் திருப்பதிக்கு வேலைக்குப் போவாரா? ஹரிதா இஸ்கூலுக்குப் போவுமா? நல்லா சொன்ன போ. இந்த வீட்ட வுட்டா வேற தேடறதுக்கு எனுக்குத் தெம்பு இல்ல நைனா. மூணு மாசமாப் போன்லயே வீடு வீடா ஏறி எறங்கியாச்சி.”

“கண்ணால பாக்காத வீட்டுக்கு இவ்ளோ துடிக்கிறியே.”

“நீ மட்டும்? காயே புடிக்காத தோப்ப வெறும் பூவப் பாத்து எடுத்தவன்தான நீ.”

“பூவ நேர்ல போயிப் பாத்தேன். எலையத் திருப்பிப் பாத்தேன். எவனும் எனுக்கு வீடியோ அனுப்பல.”

“சரி, இப்ப நீ நேர்ல கீற. நீயே பாலக் காச்சிடு. நாங்க வந்தா மாதிரியே.”

“ஆளே வராத வீட்ல குடித்தனம் பண்றது எந்த ஊரு நாயம்?”

“நைனா, எனுக்காகக் காச்சு.” அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. அவ்வளவுதான், அதற்கு மேல் அவள் கெஞ்சவில்லை.

அவர் உள்ளே வந்து, சரி என்றார். இப்போது கிருஷ்ணம்மாவுக்கு வேறு சந்தேகம் வந்தது. வீட்டுப் பொம்பளை இல்லாமல், பெண்டாட்டி இல்லாத மனிதர் தனியாகப் பால் வைக்கலாமா? போனில் இருப்பது வீட்டுப் பொம்பளைதானே என்றான் பவன்குமார். கிருஷ்ணம்மா போனை வாங்கி உதயாவின் முகத்தைப் பார்த்தாள். பொட்டு இல்லை. வைத்துக்கொண்டு வரச் சொன்னாள். உதயா எங்கேயோ போய் வைத்துக்கொண்டு வந்தாள். பின்னால் ஹரிதா எட்டிப் பார்த்து, என் ரூம் எது என்று இங்கிலீஷில் கேட்டாள், உதயா அதைத் தமிழில் சொன்னாள். ஜன்னலுக்கு எதிரே சுவர் இருக்கிற ரூம் என்று நாகபூஷணம் சொன்னார். அவளுக்குப் புரியவில்லை.

அடுப்பைக் கிருஷ்ணம்மா கொடுத்தாள். பாத்திரம் மட்டும் கொடுக்க மாட்டேன் என்றாள். தன் பாத்திரத்தில் பொங்கினால் அது தன் குடும்பத்துக்குப் போய்விடுமாம். பவன்குமார் ஓடிப்போய்ப் புதுச் சொம்பு ஒன்றும் பால் பாக்கெட்டும் வாங்கி வந்தான். சமையல் மேடையில் அடுப்பு வைத்து, மஞ்சள் குங்குமம் தடவி, போனைப் பவன்குமார் தூக்கிப் பிடித்தான். அடுப்பைப் பற்ற வைத்தவர் நாகபூஷணம். அங்கே உதயா கை கூப்பிக்கொண்டு நின்றாள்.

பால் சூடேறி ஆடை கட்டியது. ஓரம் குமிழியிட்டது. மெல்ல எழும்பி, சொம்பின் விளிம்புவரை வந்தது. டக்கென்று அடுப்பை அணைத்துவிட்டார் நாகபூஷணம்.

“ஏமண்டி இது,” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள் கிருஷ்ணம்மா.

“நைனா, இன்னா பண்ண?”

அவர் ஒன்றும் வேண்டுமென்று செய்யவில்லை. பெண்டாட்டி போன நாளிலிருந்து தினமும் அவரே டீ போடுகிறார். பால் எழும்பினால் கை தானாக அணைக்கப் போகும். பால் பொங்கி வழிந்தால்தான் வீட்டில் எல்லாம் பொங்கும் என்பது அவருக்கும் தெரியாததல்ல. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

“வழிஞ்சா அடுப்ப யாரு தொடைக்கிறது? அதான் எழும்பிச்சில்ல. போதும்.”

“போதாது பெத்தாயனா. வழியணும். வழியாத பாலுக்கு நான் சாவி குடுக்க மாட்டேன்.”

பவன்குமார் சிரிப்பை அடக்க முடியாமல் போனை ஆட்டினான். அங்கே உதயாவுக்கு வீட்டுக் கூரை தெரிந்தது. நேரமாகிறது, ராகு காலம் வந்துவிடும் என்று கிருஷ்ணம்மா வாசலையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் மறுபடி பற்ற வைத்தார். இந்தமுறை, “கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்க நைனா,” என்று குவைத்திலிருந்து உத்தரவு வந்தது. கட்டிக்கொண்டு நின்றார். பால் எழும்பும்போது அவருக்கு விரல்கள் துடித்தன. பொங்கியது, நுரையாகச் சரிந்து, அடுப்பைச் சுற்றி வழிந்து, மேடை ஓரமாக ஓடிச் சொட்டியது.

கிருஷ்ணம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“கிழக்க பாத்து ஓடிச்சி. தூர்ப்பு. ரொம்ப விசேஷம்மா,” என்று போனைப் பார்த்துச் சொன்னாள். உதயா கூப்பிய கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நாகபூஷணம் குனிந்து, கண்ணை மேடையின் மட்டத்துக்கு வைத்துப் பார்த்தார்.

“மேட அந்தப் பக்கம் சரிஞ்சி கீதும்மா. கொத்தனாரு மட்டம் பாக்காம போட்டுட்டான். வேற எங்க ஓடும்?”

“நைனா, கொஞ்சம் சும்மா இரு.”

“தண்ணி ஊத்திப் பாரு. அதும் கெழக்கதான் ஓடும்.”

யாரும் ஊற்றிப் பார்க்கவில்லை. கிருஷ்ணம்மா முடிச்சை அவிழ்த்துச் சாவியை அவர் கையில் வைத்தாள். மிச்சப் பாலில் சர்க்கரை போட்டு ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தாள். இனி அவர்கள் என்றைக்கு வந்தாலும் குற்றமில்லை, குடித்தனம் இன்றைக்கே ஏறிவிட்டது என்றாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“பால வாங்கினது இவன். அடுப்பு ஒங்களுது. பத்த வெச்சது நான். குடிக்கிறது நாம மூணு பேரு. குடித்தனம் ஏறினது மட்டும் அங்க கீறவங்களா?”

“அவுனண்டி, ஆமா,” என்றாள் கிருஷ்ணம்மா. அவளுக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை.

உதயா போனில் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டைப் பெருக்கி வைக்க ஆள் பார்க்கச் சொன்னாள், ஒரு விளக்கு வாங்கி வைக்கச் சொன்னாள். வெகுநாள் கழித்து அவள் குரலில் பதற்றம் இல்லை. சரி சரி என்று கேட்டுக்கொண்டார். நல்ல வீடு என்று மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. அதைத்தான் அவள் இரண்டுதரம் சுற்றி வளைத்துக் கேட்டாள்.

“வந்து நாலு மழ பாருங்க. அப்பறம் சொல்றேன்,” என்று போனைப் பவன்குமாரிடம் கொடுத்துவிட்டார்.

சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு படி இறங்கினார். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று பின்னாலேயே வந்தான் பவன்குமார். வேண்டாம் என்றார். பஸ் ஸ்டாண்ட் எந்தப் பக்கம் என்று கேட்டார். நேராகப் போய் இடது கைப்பக்கம் திரும்ப வேண்டும் என்று அவன் சொன்னான். சந்து முனையில் உட்கார்ந்திருந்த பூக்காரியிடம் அதையே இன்னொருதரம் கேட்டுக்கொண்டு, அவளும் இடது கைப்பக்கம்தான் காட்டினாள் என்பதால் அந்தப் பக்கமே நடந்தார்.