நெலுவின் மினி பஸ்

சைரன் அலறிய அலறலில் ட்ராயனின் காபி அவன் மடியிலேயே கொட்டியது.

"நாப்பது நிமிஷம்!" என்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் எங்களுக்குப் பயிற்சி தரும் வெத்தூரியா மேடம். "ஒரு மாவட்டத்துல பன்றிங்க கொத்துக் கொத்தா சாகுது. மனுஷனுக்கு ஒட்டாது. ஆனா இறைச்சி போற ஊருக்கெல்லாம் நோயும் போகும். அமைச்சகம் இன்னைக்கே போடவேண்டிய உத்தரவை எழுதுங்க!"

ருமேனியாவின் கிளூஜ் நகரில் எங்கள் பயிற்சியின் கடைசி நாள் ஒத்திகை அது. கொள்ளைநோய் வந்தால் அரசு என்ன செய்யவேண்டும் என்பதை, வெவ்வேறு படிப்பு படித்தவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்துச் சொல்லித்தரும் பயிற்சி. எங்கள் மேசையில் சொரினா சட்டம், ட்ராயன் பொருளாதாரம், ஹோரியாவாகிய நான் கால்நடை மருத்துவன். முடிவில் ஒரே ஒருவருக்கு அமைச்சக ஆலோசனைக் குழுவில் இடம் கிடைக்கும். சொரினாவின் பல்கலைக்கழக வேலை அந்த மாதத்தோடு முடிகிறது. அந்த இடம் அவளுக்குத்தான் உயிர்.

சுவரில் இருந்த வரைபடத்தில் மேடம் சிவப்பு வட்டம் போட்டிருந்தது சொரினாவின் சொந்த மாவட்டத்தைச் சுற்றி.

"எங்க ஊரையே சாகடிச்சுட்டீங்களே மேடம்!" என்று சிரித்தபடி எழுத உட்கார்ந்தாள். இருபதே நிமிடத்தில் உத்தரவு தயார். மாவட்டத்தை விட்டு ஒரு துண்டு பன்றி இறைச்சிகூட வெளியே போகக்கூடாது. மீறினால் அபராதம்.

"அஞ்சு நாள்ல இக்னாத் பண்டிகை வருது. கிறிஸ்துமஸுக்காக வீட்டுக்கு வீடு பன்றி வெட்டுவாங்க. யார் கேப்பாங்க இதை?" என்றேன்.

"நீ ஊசி போடுறதோட நிறுத்திக்கோ டாக்டர். சட்டத்தை நான் பாத்துக்கறேன்."

பதினோரு மணிக்குக் கையெழுத்துப் போட்டாள். பன்னிரண்டுக்கு பஸ் நிலையத்துக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு அட்டைப்பெட்டி. சாப்பாட்டு மேசையில் புகைபோட்ட பன்றி சாசேஜ்களை அடுக்கினாள். "எங்க ஊர் டிரைவர் நெலுவோட மினி பஸ்ல அம்மா அனுப்பினது. சூடு பண்ணிச் சாப்பிடுங்க!"

மேடம் ஒன்றை ருசித்துச் சாப்பிட்டு முடித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, வட்டத்துக்குள்ளிருந்து கிளூஜ் வரை ஒரு கோடு இழுத்தார்.

ட்ராயன் வாயில் வைத்ததை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை.

சொரினாவின் முகம் வெளுத்துப்போனது. "மேடம்... இது பார்சல்தானே..."

"உன் உத்தரவை முதல்ல மீறினது நீதான். அதுவும் ஒரு மணி நேரத்துல. தப்பா நினைக்காதே, எல்லாரும் அப்படித்தான். இறைச்சின்னா அது அடுத்த வீட்டுது, நம்ம அம்மா அனுப்பறது வெறும் பார்சல். இன்னும் நாப்பது நிமிஷம் தர்றேன். உங்க அம்மா மதிக்கிற மாதிரி ஒரு உத்தரவு எழுது. அவங்க ஒத்துக்கிட்டா அந்த இடம் உனக்கு."

இந்தமுறை அவள் என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "டாக்டர், ஒரு பன்றிக்கு ரத்தம் எடுத்துச் சோதிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நாலு நாள்ல எத்தனை வீடு போகமுடியும்?" ட்ராயனிடம் திரும்பினாள். "நீ ஆள் கணக்கு போடு. சும்மா ஈரப் பேன்ட்டையே பாத்துட்டு இருக்காதே."

முப்பதாவது நிமிடத்தில் போனை எடுத்து, எல்லோரும் கேட்கும்படி மேசைமேல் வைத்தாள்.

"அம்மா, சும்மா கேக்கறேன். இறைச்சி அனுப்பினா அபராதம்னு அரசாங்கம் சொன்னா என்ன பண்ணுவே?"

"கேக்குக்கு அடியில வெச்சு அனுப்புவேன்."

அறையே சிரித்தது. சொரினா சிரிக்கவில்லை. அபராதம் எழுதிய முதல் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு இரண்டாவது தாளைப் பார்த்தாள்.

"சரி, அபராதமே இல்ல. மாட்டு டாக்டர் வீட்டுக்கே வந்து பன்றியை இலவசமா சோதிச்சு, இறைச்சிப் பெட்டியில முத்திரை ஒட்டுவாரு. முத்திரை இல்லாத பெட்டியை நெலு பஸ்ல ஏத்தமாட்டான். அப்போ?"

சொரினா போனை நோக்கிக் குனிந்தாள்.

"நெலுவே ஏத்தமாட்டேன்னா வேற வழி? டாக்டரை வரச்சொல்லு, காபி போட்டுத் தர்றேன். ஆனா ஒண்ணுடி, அந்த முத்திரையை முதல்ல நம்ம ஊர் போலீஸ்காரர் பெட்டியில ஒட்டச்சொல்லு. தினமும் இறைச்சிப் பார்சலோட பஸ்ஸுக்கு முதல் ஆளா வந்து நிக்கறவர் அவர்தான்!"