கண் இமைக்காத பெரியநாயகி

என் மகள் பெரியநாயகிக்கு ஏழு வயதாகியும் 'அம்மா' என்று ஒரு வார்த்தை வரவில்லை. கத்துவது மட்டும் தெரு முழுக்கக் கேட்கும். கோயில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உருளுவாள். சரிகை உடம்பில் பட்டால் நெருப்புப் பட்டதுபோல் துடிப்பாள். காஞ்சிபுரத்தில் நெசவாளி வீட்டில் பிறந்துவிட்டுப் பட்டு ஆகாதென்றால் என்ன செய்வது? என் கணவர் கோதண்டபாணி நெய்ய உட்கார்ந்தால் மட்டும் ஓடிவந்து தறிமரத்தில் கன்னத்தை வைத்துக்கொள்வாள். அந்த அதிர்வு அவளுக்குப் பிடிக்கும். அவளை அப்படிப் பார்க்க எனக்கும் பிடிக்கும்.

எழுபத்திரண்டில் மதராஸ் டாக்டரிடம் காட்டினோம். ஆட்டிசம் என்று ஒரு பேர் சொன்னார். மூளைக்குள் சுரக்கிற ஏதோ ரசாயனம் ஏறுக்குமாறாக இருக்கலாமாம்; நமக்குச் சாதாரணமாகக் கேட்பதும் படுவதும் அவளுக்குப் பத்து மடங்காம். நிச்சயமாகச் சொல்ல யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். ஆனாலும் கத்தலை அடக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஒரே வாரத்தில் அடங்கினாள். உட்கார வைத்தால் உட்கார்ந்தபடியே இருந்தாள். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்டமாட்டாள். தறி ஓடும், அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தெருவே மெச்சியது. எனக்கோ அவளோடு தனியாக வீட்டிலிருக்கப் பயமாக இருந்தது. பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பயப்படுகிறவளை என்னவென்று சொல்வது!

நவராத்திரி வந்தது. பட்டுக்கடை முதலாளியின் மனைவி கிருஷ்ணம்மாள் வீட்டில் ஒன்பது நாளும் ஒரு சிறுமியை அம்பாளாக அலங்கரித்து, மணையில் உட்காரவைத்துப் பூஜை செய்வார்கள். முதல் நாள் உட்கார்ந்த சிறுமி பாதியில் அழுதுவிட்டாளாம்.

"உன் பொண்ணை அனுப்புமா தேவகி. செலையாட்டம் உக்காந்துக்கினு இருக்குதாமே" என்று கிருஷ்ணம்மாள் என்னிடம் வந்து கேட்டாள்.

என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பேய் புடிச்ச பொண்ணுன்னு சொன்ன தெரு, இப்ப கால்ல விழப்போவுதுடி" என்றார்.

விழத்தான் விழுந்தது. சரிகைப் பாவாடை கட்டினார்கள், பெரியநாயகி துடிக்கவில்லை. காதருகே மணி ஆட்டினார்கள், இமைக்கவில்லை. "கண்ணைப் பாருங்கடி, அம்பாளேதான்" என்று ஒருத்தி அழுதாள். நானும் பார்த்தேன். அந்தக் கண்ணுக்குள் யாருமே இல்லை.

மூன்றாம் நாள் ஆரத்தித் தட்டிலிருந்து எரிகிற கற்பூரம் ஒன்று அவள் பாதத்தில் விழுந்தது. குனிந்து அதைப் பார்த்தாள். காலை இழுக்கவில்லை. கூட்டம் "தாயே, தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒருத்திக்கும் அதை எடுக்கத் தோன்றவில்லை. தோல் கருகும் வாடை வந்ததும் நான் பாய்ந்துபோய் வெறுங்கையால் தட்டிவிட்டேன். கற்பூரத்தைப் பார்த்ததுபோலவே என் பெண் என்னையும் பார்த்தாள்.

அன்றே மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினேன். கணவரிடம் சொல்லவில்லை. கால் புண்ணைக் காரணம் காட்டி அவளைப் பூஜைக்கும் அனுப்பவில்லை. அதற்காக விட்டார்களா? பழமும் பூவுமாக எங்கள் வீட்டுக்கே வந்து விழுந்தார்கள். ஐந்தாம் நாளும் அப்படியே உட்கார்ந்திருந்தாள், ஏழாம் நாளும் அப்படியே. உள்ளே போனவள் இனி வரவேமாட்டாளோ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரஸ்வதி பூஜையன்று காலையில் கிருஷ்ணம்மாளே புதுச் சரிகைப் பாவாடையோடு வந்துவிட்டாள். பின்னால் பூத்தட்டோடு பத்துப் பெண்கள். பாவாடையைப் பிரித்துப் பெரியநாயகியின் தோளில் போட்டாள்.

குழந்தையின் உதடு கோணியது. பிறகு கத்தினாள். பட்டைப் பிய்த்தெறிந்தாள். பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அன்றைக்குப் பட்ட சூட்டுக்கு ஆறு நாள் கழித்து அழுதாள். பெண்கள் தட்டைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். என் கணவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா ஆச்சு இவளுக்கு?" கிருஷ்ணம்மாள் வாசற்படியில் நின்றே கேட்டாள்.

எனக்கு வயிற்றில் பாலை வார்த்ததுபோல் இருந்தது. மகளைக் கட்டிக்கொள்ளக் கை பரபரத்தது. தொட்டால் அவளுக்கு ஆகாதென்று சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன்.

"அம்பாள் மலையேறிட்டாங்கமா" என்றேன். "என் பொண்ணு வந்துட்டா."