காய்ந்த முனை

அந்தப் பட்டறையில் ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் அயர்ன்கள், மேஜைக்கு ஒன்றாக எட்டு. திங்கள்தோறும் அவற்றின் முனைச் சூட்டை அளந்து நோட்டில் எழுதுவது அண்ணியின் வேலை. நான்காம் மேஜையில் உட்கார்ந்து போர்டுகளுக்கு ஈயம் வைப்பவள் அவளுடைய கணவனின் தங்கை. அந்த நாத்தனார் 'அண்ணி' என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்குமே இவள் அண்ணியாகிவிட்டாள். வீட்டில் நாத்தனார் தன் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை என்பது அண்ணியின் தீராத குறை.

இந்தத் திங்கள் அளவுமானி புத்தம் புதிது. அதன் நடுவில் தலைமுடி கனத்தில் ஒரு கம்பி. சுடும் முனையை அதில் வைத்தால் எண் வரும். புதுக் கம்பியில் ஈயம் ஒட்டிவிடுமே என்று அண்ணி ஒவ்வொரு முனையையும் ஈரப் பஞ்சில் துடைத்து எடுத்துவிட்டுத்தான் வைத்தாள். வேண்டியது முந்நூற்றைம்பது; எட்டும் முந்நூற்றுப் பத்தைத் தாண்டவில்லை. நாற்பது டிகிரி ஏற்றச் சொன்னாள். ஏற்றினார்கள். முந்நூற்றைம்பது வந்தது, எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நான்காம் மேஜையின் போர்டுகள் மட்டும் திரும்பி வந்தன. அதிகச் சூட்டில் போர்டின் செப்புக் கோடுகள் பெயர்ந்திருந்தன.

"இஷ்டத்துக்கு ஏத்திக்கிட்டா இப்படித்தான். நாளையிலேர்ந்து வர வேணாம்," என்றார் மேனேஜர் நாத்தனாரிடம்.

"அண்ணி சொன்ன அளவுதான் சார்."

அண்ணி முனையைத் துடைத்து அளந்து காட்டினாள். முந்நூற்றைம்பது.

"நீயும் வச்சுப் பாரு," என்றார் மேனேஜர். நாத்தனார் கைப்பழக்கத்தில் முனையில் துளி ஈயத்தை உருக்கிவிட்டு வைத்தாள். முந்நூற்றுத் தொண்ணூறு.

"எது சரி?" மேனேஜருக்கு இதில் ஆனா ஆவன்னா தெரியாது.

அண்ணிக்குப் புரிந்துவிட்டது. ஈயம் இருந்தால்தான் சூடு கம்பிக்கு முழுசாக இறங்கும். முதல் நாள் பாடம் அது. தான் அளந்த முதல் அளவுதான் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தன் வேலை நிலைக்கும், நாத்தனார் வேலை போகும்.

"ரெண்டாவதுதான் சார். நான் காய்ஞ்ச முனையில அளந்துட்டேன். தப்பு என்னோடது."

"அப்ப மத்த ஏழு பேர் போர்டு ஏன் கெடல?"

ஏழு தலைகளும் குனிந்தன. கடைசி மேஜைக்காரிதான் வாயைத் திறந்தாள்.

"சூடு ஜாஸ்தியா தெரிஞ்சுது, அண்ணி அந்தப் பக்கம் போனதும் நாங்க பழையபடி இறக்கிட்டோம் சார். இவ ஒருத்திதான் இறக்கல."

நாத்தனார் சூட்டை ஏற்றி இறக்கும் திருகியில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"எவ்வளவு இறக்கட்டும் அண்ணி?"