பெயர்போன நானூறு அறைகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது இல்லை. லேப்டாப்பின் கீல் உடைந்து, அதை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டே, "நீங்க எழுதறவராமே. ஒரு பேரு வெச்சுக் குடுங்களேன்" என்றார். குழந்தைக்கா என்று கேட்டேன்.

"ஃபைலுக்கு" என்றார்.

அவர் சொன்ன கதையை வீட்டுக்கு வந்து இப்படித் தொடங்கினேன்: 'மௌனத்துக்கும் ஒரு முகவரி உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார், அந்த முகவரி தொலைந்த அன்று' — வேண்டாம். கடைக்காரர் இதைப் படித்தால் சிரிப்பார். (அடித்ததை அழிக்கவில்லை. கிடக்கட்டும்.)

2

கடைக்காரருக்கு ஓர் அக்கா. அக்காவின் கணவர், அதாவது கடைக்காரரின் அத்தான், முப்பத்தைந்து வருடம் படங்களுக்கு ஒலிப்பதிவு செய்தவர். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம். ஓர் இடத்தில் வசனமெல்லாம் பதிவானதும், இருக்கிறவர்களை அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவுசெய்துகொள்வார்கள். பிற்பாடு வசனத்தை வெட்டி ஒட்டும்போது நடுவில் விழும் ஓட்டைகளை அடைக்க அது வேண்டும். வேலை முடிந்தால் மற்றவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அத்தான் சேர்த்துவைத்தார்.

சேர்த்ததோடு நிற்கவில்லை, தான் குடியிருந்த வீடுகள், போன ஆபீஸ்கள் என்று எல்லாவற்றையும் பதிவுசெய்தார். ஒவ்வொன்றுக்கும் முழ நீளத்தில் ஒரு பெயர். 'பள்ளிக்கூட வகுப்பு, நாற்பது பேர் மூச்சைப் பிடித்தபடி.' 'தபால் ஆபீஸ் மதியம், முத்திரை குத்துகிறவர் சாப்பிடப் போனபின்.' கேட்டால் எல்லாமே உஸ்ஸென்று ஒரே மாதிரிதான் இருக்கும். பெயரில்தான் எல்லாமே.*

* கதைகளும் அப்படித்தான் என்று இங்கே ஒரு வரி எழுதியிருந்தேன். என் கதையைப் பற்றி நானே பேசினால் அது சுயபுராணம். எடுத்துவிட்டேன்.

அக்காவுக்கு மைக் என்றாலே ஆகாது. எவ்வளவு கெஞ்சினாலும் குரலைப் பதிவுசெய்ய விட்டதில்லை. ஒரே ஒரு தரம், "நான் வாயைத் திறக்க மாட்டேன், சும்மா நிக்கறேன், போதுமா?" என்று சமையலறையில் அடுப்போரம் நின்றார். அந்த ஃபைலின் பெயர், 'சமையலறை, அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள்.' போன வருடம் அக்கா போய்ச் சேர்ந்தார். அடுத்த வாரம் அத்தான் அதே சமையலறையில், அதே ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்க, இன்னொரு நிமிடம் பதிவுசெய்தார். அதற்கு 'சமையலறை, அவள் இல்லாமல்' என்று பெயர் வைத்தார். போட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை.

3

கடைக்காரர் செய்த காரியத்தை அவர் வாயாலேயே சொல்லவிடுகிறேன்.

"அத்தான் ஒரு பெரிய வீடியோவை, இந்தப் பதிவெல்லாம் வெச்சிருந்த டிரைவ்ல ஏத்தப் பாத்தாரு. ஏறல. பழைய முறையில ஃபார்மட் பண்ணின டிரைவ், நாலு ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா எடுத்துக்காது. புது முறைக்கு மாத்திடலாம் அத்தான், அரை மணி நேர வேலைன்னேன். ஊருக்கெல்லாம் முதல்ல காப்பி எடுங்கன்னு போர்டு எழுதி மாட்டியிருக்கேன், பாருங்க. நம்ம வீட்டு டிரைவ்தானேன்னு காப்பி எடுக்கல. பாதியில கரண்ட் போச்சு."

போர்டைப் பார்த்தேன். சிவப்பு மையில், அடிக்கோட்டுடன் எழுதியிருந்தார். ஊருக்கு உபதேசம்.

ஃபைல்கள் பிழைத்தன. நீளப் பெயர்கள் போய்விட்டன. மிஞ்சியது புரியாத ஆறெழுத்து, ஒரு நெளிகோடு, ஓர் எண். தேதியிலும் மீட்டெடுத்த நாளே எல்லாவற்றுக்கும் விழுந்திருந்தது. நானூற்றுச் சொச்சம் மௌனங்கள். எது எந்த அறை என்று சொல்ல நாதியில்லை.

4

அத்தான் கோபப்படவில்லை. (கோபப்பட்டதாக ஒரு பாராவே எழுதிவைத்திருந்தேன், தட்டு பறக்கிற அளவுக்கு. கடைக்காரர் படித்துவிட்டு, "அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க" என்றார்.) தினமும் மதியம் கடைக்கு வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டு, பெயர் சொன்னார். கடைக்காரர் அடித்தார்.

"இது நாங்க முதல்ல இருந்த மாடி வீடு. பக்கத்து வீட்டு மோட்டார் கேக்குது பாரு. அந்த மனுஷன் போட்டா நிறுத்தவே மாட்டான்."

"அங்கதானே அத்தான் நான் தங்கிப் படிச்சேன்?"

"படிச்சியா? தூங்கினே."

கடைக்காரருக்கு மோட்டார் கேட்கவில்லை. ஆனால் ஹாலில் விரித்த பாயும், பரீட்சை நாட்களில் அக்கா காலால் எட்டித் தட்டி எழுப்பியதும் ஞாபகம் வந்தன. பெயர் வைத்துக்கொண்டிருந்த அந்த இரண்டு மாதம்போலத் தான் சந்தோஷமாக இருந்ததில்லை என்றார் என்னிடம். தப்பைச் செய்த ஆளே இப்படிச் சொல்லலாமா என்று எனக்குக்கூடத் தோன்றியது. ஆனால் அத்தானும் அந்த மதியங்களில் ஹெட்போனுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாராம். டியூப்லைட் இரைச்சல், ஃபேன் கிறீச்சிடுவது, ஜன்னல் கம்பியில் காற்று என்று ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு பழைய வீடுகளுக்குள் நுழைந்து வெளியே வந்தார்.

5

கடைசியில் இரண்டு மிஞ்சின. இரண்டிலும் அதே சமையலறை, அதே ஃபிரிட்ஜ்.

அத்தான் முதலாவதைக் கேட்டார். இரண்டாவதைக் கேட்டார். மறுபடி முதலாவது. ஹெட்போனைக் கழற்றிக் காதைத் துடைத்தார்.

"தெரியலடா" என்றார். முப்பத்தைந்து வருடத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லிக் கடைக்காரர் கேட்டதில்லை. "பக்கத்துல நின்னா. மூணடி தூரம். எனக்கே தெரியலன்னா எப்படி?"

கடைக்காரர் ஹெட்போனை வாங்கி மாட்டினார். இரண்டையும் கேட்டார்.

"ரெண்டாவதுதான் அத்தான்" என்றார். "அக்கா சிரிப்ப அடக்கினா மூக்குல சின்னதா ஒரு விசில் வரும். சின்ன வயசுல சாமி கும்பிடறப்பகூட வரும். நடுவுல கேக்குது."

அத்தான் வாங்கிக் கேட்டார். ஒரு நிமிடம் முழுக்கக் கண்ணை மூடியிருந்தார்.

"ஆமாடா" என்றார். "கேக்குது."

இரண்டாவதற்குப் பழைய பெயரையே எழுத்து விடாமல் அடித்தார்கள். முதலாவதை என்ன செய்வது என்று கடைக்காரர் கேட்டார். அழித்துவிடலாமா?

"வேண்டாம். அதுக்கு நீயே ஒரு பேரு வை" என்று சொல்லிவிட்டு அத்தான் எழுந்து போனார்.

6

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கடைக்காரருக்கு உண்மையிலேயே விசில் கேட்டது. சுபம்.

இரண்டு: அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு மோட்டாரே கேட்காத காது அது. தான் தொலைத்ததைத் தானே திருப்பிக் கொடுத்துவிட நினைத்து, வாய்க்கு வந்ததைச் சொன்னார், அத்தானும் நம்பினார்.

மூன்று: அவருக்கும் கேட்கவில்லை, அத்தானுக்கும் கேட்கவில்லை, இருவருக்கும் அது தெரியும். 'அப்படியானால் அந்த ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு அத்தான் நினைத்தது' — என்னால் முடியவில்லை.

லேப்டாப்பை வாங்கப் போனபோது நேரடியாகவே கேட்டேன். கேட்டதா, இல்லையா? கடைக்காரர் புதுக் கீலை இரண்டு தரம் திறந்து மூடிக் காட்டினார்.

"தினம் காலையில அதைத்தான் போட்டுக் கேக்கறாரு. அதுக்கப்புறம்தான் காப்பியே குடிக்கிறாரு" என்றார். "நீங்க முதல்ல அந்த இன்னொண்ணுக்குப் பேரைச் சொல்லுங்க."

'சமையலறை, அவள் இல்லாமல்' என்று வைக்க அவருக்குக் கை வரவில்லையாம். எனக்கும்தான். மூன்று வாரமாக அந்த ஃபைலின் ஒரு பிரதி என்னிடமும் இருக்கிறது. ஒரு நிமிடம், ஃபிரிட்ஜ் ஓடுகிறது. எங்களால் வைக்க முடியாத பெயரை, படிக்கிற நீங்கள்தான் வைக்கவேண்டும். அக்கா நிற்பது ஒருவேளை இதில்தானோ என்ற எண்ணம் உங்களுக்கும் வரும். வந்தால் அதையும் சேர்த்தே பெயர் வையுங்கள்.

நான் 'அவள் இல்லாத சமையலறை?' என்று அடித்துப் பார்த்தேன். ஃபைல் பெயரில் கேள்விக்குறி வரக்கூடாது என்று கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது.