இருட்டில் பதில் பேச முடியாது

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் பொய் சொல்ல வசதியாக இருக்கும்.

நான் பார்த்தது இவ்வளவுதான். பழைய கேமராக்கள் விற்கும் கடையில், கண்ணாடி மேஜையின் மேல் எட்டு மில்லிமீட்டர் சினிமா கேமராக்களை வரிசையாக வைத்திருந்தார்கள். வீட்டில் பிள்ளைகள் தவழ்வதையும் நடப்பதையும் எடுக்க ஒரு காலத்தில் வாங்கினார்களே, கைக்குள் அடங்குகிற கேமராக்கள், அவைதான். வயதான ஓர் அம்மாள் முன்னால் நின்றிருந்தாள். அவள் லென்ஸைப் பார்க்கவில்லை, விலையும் கேட்கவில்லை. கடைக்காரர் ஒவ்வொன்றாக ஓடவிட, அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற மகள் அவளோடு கையால் பேசினாள்.

நான் வாங்க வந்ததை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மிச்சமெல்லாம் நானே கட்டியது. கட்டாமல் இருந்திருக்கலாம், அந்தக் கை விட்டால்தானே!

2

ஆரம்பம் எழுதிப் பார்த்தேன்.

"அந்த வீட்டில் மௌனமே மொழியாக இருந்—"

அடித்துவிட்டேன். காது கேளாதவர் வீட்டுக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே மௌனம் மருந்துக்கும் கிடையாது. பாத்திரம் உருளும், கதவு அறையும், நாற்காலி கரகரவென்று இழுபடும். அதைக் கேட்டு முகம் சுளிக்க யார் இருக்கிறார்கள்?

"மகள் பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். கல்யாணம் ஆகாத—"

ஏன், ஆகியிருந்தால் என்ன கெட்டுப்போகும்? எடுத்துவிட்டேன். எக்ஸ்ரே மட்டும் இருக்கட்டும், பின்னால் தேவைப்படும்.

பெயர் எங்கே என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் பெயர்கள் கையில் இருக்கின்றன. மகளின் தாடையில் மச்சம், அதனால் தாடையில் ஒரு தட்டுத் தட்டினால் அவள். தம்பி சின்ன வயதில் கட்டில் முனையில் விழுந்து புருவத்தைக் கிழித்துக்கொண்டவன், அதனால் புருவத்தின் மேல் ஒரு விரலை இழுத்தால் அவன். இரண்டும் அம்மா வைத்த பெயர்கள்.*

* கைப்பேச்சை நான் இங்கே வாய்ப்பேச்சாகத்தான் எழுதுகிறேன். பாதி அழகு போய்விடுகிறது. மன்னிக்கவும்.

3

அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பிள்ளைகள் இருவருக்கும் கேட்கும். ஆனாலும் இருவரும் கையால் பேசின பிறகுதான் வாயால் பேசினார்கள்.

தம்பியின் கல்யாணத்தன்று, மண்டபத்து வாசலில் அவன் அம்மாவை ஓரமாக அழைத்தான். கையை மார்போடு ஒட்டிவைத்து, சின்னச் சின்னதாகப் பேசினான்.

"இன்னைக்கு ஒரு நாள் கையை அடக்கிக்கோம்மா. பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாரும் பார்க்கிறாங்க."

அம்மா சரி என்று தலையாட்டினாள். உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். சாப்பாட்டுக்குத்தான் வெளியே எடுத்தாள்.

அதற்குப் பிறகு அவனோடு அவள் பேசவே இல்லை. வெளியூரிலிருந்து வீடியோவில் கூப்பிடுவான். எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். கொஞ்ச நாளில் அவனும் கூப்பிடுவதை விட்டான்.

[முதல் வரைவில் அவன் சுத்தக் கல்நெஞ்சன். திரும்பப் படித்தால் எனக்கே சிரிப்பு வந்தது. புது மாமனார் வீட்டைப் பார்த்துப் பயந்த பையன், அவ்வளவுதான். பெரிய காயத்துக்கு அந்தச் சின்னப் பயமே போதும்.]

பிறகு அம்மாவுக்கு நடுக்கம் வந்தது. கோப்பை தட்டில் டகடகவென்று அடிக்க ஆரம்பித்தது. போகப் போக அதிகமாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கு அது கைநடுக்கம். அம்மாவுக்கு நாக்குக் குழறல்.

ஒரு நாள் மகளைத் தோளில் தட்டிக் கூப்பிட்டாள்.

"அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும். என் கை கையா இருக்கும்போதே சொல்லணும். உங்கப்பா கேமராவுல எடுப்பாரே, அந்த மாதிரி எடு."

"போன் இருக்கேம்மா. இப்பவே எடுத்து அனுப்பிடலாம்."

"போன்ல பேசினா பாதியிலேயே பதில் பேசுவான். இல்லேன்னா விரலால தள்ளிவிட்டுப் போயிடுவான். சுவத்துல போட்டா விளக்கை அணைக்கணும் இல்ல? இருட்டுல அவன் எனக்குப் பதில் பேச முடியாது. உட்கார்ந்து கேட்டுத்தான் ஆகணும்."

இந்த இடம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். இந்தக் காலத்தில் யாராவது ஃபிலிம் கேமரா வாங்குவார்களா என்று கேட்க வாயெடுத்தவர்களும் கொஞ்சம் குடித்துவிட்டு வாருங்கள்.

4

அப்பாவின் கேமராவில் ஸ்பிரிங் அறுந்து கிடந்தது. அப்பா போய் வெகுகாலம். ஆகவே கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் வாய் ஓயாதவர். முதலில் பேட்டரிக் கேமரா ஒன்றை எடுத்துவைத்தார்.

"இதை எடுத்துக்கோங்க மேடம். ஃபிலிம் பெட்டிக்குள்ளேயே வரும். சொருகினா வேலை முடிஞ்சுது. தப்புப் பண்ணணும்னு நினைச்சாலும் முடியாது."

அம்மா அதன்மேல் கையை வைத்தாள். உடனே உதறினாள். "கொசு," என்றாள்.

"அப்பா வச்சிருந்தது சாவி கொடுக்கிற மாதிரிங்க," என்றாள் மகள்.

"அதுவும் இருக்கு. ஆனா தலைவலி, சொல்லிட்டேன். அகலமான ஃபிலிம். ஒரு பாதியில எடுத்து முடிச்சதும் சுருளை வெளிய எடுத்து, திருப்பிப் போட்டு, மறுபாதியில எடுக்கணும். அப்புறம் லேப்ல கழுவி, நடுவுல கிழிச்சு, ஒட்டித் தருவாங்க. கொஞ்சம் அசந்தீங்க, போச்சு."

மகள் சாவிக் கேமராக்களை ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒன்றின் லென்ஸுக்குள் பூஞ்சை நூல் நூலாக ஓடியிருந்தது. இன்னொன்றின் மூடியைத் திறந்தால் துரு. மீந்தவற்றுக்குச் சாவி கொடுத்து ஓடவிட்டார் கடைக்காரர். ஒன்று பாதியில் தளர்ந்தது. "மூச்சு வாங்குது," என்று அம்மா தள்ளிவைத்தாள். அடுத்ததில் கையை வைத்தவள், அது ஓடித் தீர்ந்து நிற்கும்வரை எடுக்கவில்லை. நின்ற பிறகும் எடுக்கவில்லை.

"இது அவரு," என்றாள்.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்றார் கடைக்காரர்.

"இதையே வாங்கிக்கிறோம்னு சொல்றாங்க."

"இதுல மீட்டர் செத்துப்போச்சு மேடம். வெளிச்சத்தை நீங்களேதான் கணக்குப் பண்ணணும்."

"நான் எக்ஸ்ரே எடுக்கிறவங்க."

"அப்ப சரி. எலும்பு தெரியாம எடுத்தா போதும்."

(அந்தப் பேட்டரிக் கேமராவை வாங்கியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. கடைக்காரரைப் பிடிவாதக்காரராக்கி, "இதைத்தான் தருவேன்" என்று சொல்லவைத்துப் பார்த்தேன். வந்த வியாபாரத்தை எந்த வியாபாரியாவது கெடுத்துக்கொள்வானா? நம்பும்படி இல்லை. மனசில்லாமல்தான் விட்டேன்.)

5

ஜன்னலோரத்து வெளிச்சம். சாப்பாட்டு மேஜைமேல் சின்ன ஸ்டாண்டில் கேமரா. எதிரே அம்மா, முழங்கால்களை மேஜையோடு ஒட்டிவைத்துக்கொண்டு. மரத்தின் வழியாகக் கேமரா ஓடுவது அவளுக்குத் தெரியும்.

"ஓட விட்டுட்டு நீ திரும்பிக்கோ," என்றாள்.

அந்த வீட்டில் முதுகைக் காட்டி நிற்பது, அறையைவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்துவதற்குச் சமம். மகள் சாவி கொடுத்து, பொத்தானை அழுத்திப் பூட்டிவிட்டுத் திரும்பி நின்றாள். பின்னால் கேமரா உறுமுகிற சத்தம். அதற்குள் அம்மாவின் சேலை உரசுகிற சத்தம். அம்மா பேசுகிறாள்.

ஸ்பிரிங் தீர்ந்து சத்தம் நின்றதும், மகள் பின்பக்கமாகவே நடந்துபோய், கையைப் பின்னால் நீட்டித் தடவிச் சாவி கொடுத்தாள். அம்மா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். இப்படிப் பலமுறை. கடைசியில் ஃபிலிமின் வால் படபடவென்று அடித்தது. மகள் திரும்பினாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போதும். மறுபாதியில உனக்குப் பிடிச்சதை எடுத்துக்கோ."

அன்றே மகள் தம்பிக்குப் போன் செய்தாள். "அம்மா உனக்குப் பேசி வச்சிருக்காங்கடா. வந்து பாரு."

அந்தப் பக்கம் காலண்டர் தாள் புரளும் சத்தம். பிறகு, "லீவு கிடைக்கட்டும்க்கா," என்றான்.

[முதல் வரைவில், மகள் திரும்பி நின்ற பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று இருந்தது. அம்மாவின் கைகள் அதில் தெரிந்தன. மகள் கண்ணை மூடவில்லை. அடுத்த வரைவில் அலமாரியைத் தூக்கிவிட்டேன். இப்போது அங்கே வெறும் சுவர்தான்.]

6

மறுபாதியில் மகள் சமையலறையை எடுத்தாள், வாசல் கேட்டை எடுத்தாள், அம்மாவின் செருப்பை எடுத்தாள்.

இந்தக் கேமராவின் வில்லங்கம் இங்கேதான் இருக்கிறது. முதல் பாதி ஓடும்போது ஃபிலிம் ஒரு சுருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். திருப்பிப் போட்டு இரண்டாம் பாதியும் ஓடினால், புறப்பட்ட சுருளுக்கே திரும்பி வந்துவிடும். எடுத்த ஃபிலிமும் எடுக்காத ஃபிலிமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதனால் எடுத்து முடித்த கையோடு டப்பாவில் போட்டு, நாடா ஒட்டி, மேலே எழுதிவைத்துவிட வேண்டும்.

மகள் டப்பாவில் போட்டு, சுவர்த் தட்டில், கூடவே வாங்கிவைத்த புது ஃபிலிம் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். நாடாவை எடுக்க எழுந்தாள். குளியலறையில் அம்மா விழுந்த சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் வலது கையை ஒரு பலகையோடு சேர்த்துக் கட்டி ஊசி ஏற்றினார்கள். "கையை அசைக்கக் கூடாதும்மா," என்றாள் நர்ஸ், நல்லவள்தான். இடது கை தானாக ஆடியது. அம்மாவின் வாயைக் கட்டிவிட்டார்கள் என்று அந்த வார்டில் மகளுக்கு மட்டும்தான் தெரியும். நர்ஸிடம் சொன்னாள். ஊசி கழன்றுவிடும் என்று பதில் வந்தது.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது, சுவர்த் தட்டிலிருந்து ஒரு டப்பாவையும் கேமராவையும் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, வெள்ளை விரிப்பின்மேல் கிடந்த அந்த இரண்டு கைகளையும் படம் எடுத்தாள். படத்தின் கீழ்ப்பாதி முழுக்க விரிப்பும் கைகளும். மேல்பாதியில், கட்டிலுக்குப் பின்னால் தொங்கிய கருநீலத் திரை. ஃபிலிம் தீரும்வரை எடுத்தாள்.

அதை ஏன் எடுக்க வேண்டும்?

"ஞாபகத்துக்காக—" இல்லை.

"தம்பிக்குக் காட்டி அவன் மனசைச் சுட—" சே, அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

கேமராக் கண்ணில் கண்ணை வைத்திருக்கும்வரை அவளுக்கு அழுகை வரவில்லை. இதைத் தவிர வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அம்மா பிழைக்கவில்லை.

எல்லாம் முடிந்து, லேபுக்கு அனுப்புவதற்காக மகள் சுவர்த் தட்டில் கையை விட்டாள். அங்கே இருந்த டப்பாவில் கம்பெனி ஒட்டிய நாடா பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. அதுதான் புதுசு. அப்படியானால் கேமராவுக்குள் இருப்பது?

அம்மா பேசிய அதே பாதியின் மேல்தான் ஆஸ்பத்திரியையும் எடுத்திருக்கிறாள். வெளிச்சத்தின் மேல் வெளிச்சம் விழுந்தால் கூடும், குறையாது. அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளை விரிப்பு விழுந்த இடத்தில் முன்னால் இருந்தது எதுவும் மிஞ்சாது.

7

தம்பி காரியங்களுக்கு வந்தவன் ஊருக்குத் திரும்பவில்லை. "அந்தப் படத்தைப் பார்த்துட்டுப் போறேன்க்கா," என்றான். "லேப்லேர்ந்து வரட்டும்டா," என்று மட்டும் சொன்னாள்.

வந்தது. ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி, விளக்கை அணைத்தார்கள். அப்பாவின் புரொஜெக்டர் கடகடவென்று ஓடியது.

சுவரில் அம்மா.

ஆஸ்பத்திரித் திரை தொங்கிய இருட்டுக்குள் முகம் தெளிவாக இருந்தது. கை மேலே வந்தது. ஒரு விரல் புருவத்தின்மேல் இழுபட்டது. தம்பியின் பெயர். பிறகு கை மார்புக்கு இறங்கியது, அங்கே வெள்ளை விரிப்பு. கை அதில் மூழ்கிக் காணாமல் போயிற்று. அம்மா பேசுவது முகத்தில் தெரிகிறது, பேச்சைக் காணவில்லை. மறுபடியும் கை மேலே வந்து புருவத்தைத் தொட்டது. மறுபடியும் வெள்ளைக்குள் இறங்கியது. கீழே, பலகையில் கட்டுண்ட கை அசையாமல் கிடந்தது.

ஓரிடத்தில் அம்மா சிரித்தாள்.

"சிரிக்கிறாங்கக்கா," என்றான் இருட்டில்.

தான் பின்பக்கமாக நடந்து வந்ததற்கான சிரிப்பு அது என்று மகளுக்குத் தெரியும். அவனிடம் சொல்லவில்லை.

சமையலறையும் வாசல் கேட்டும் செருப்பும் ஓடி, ஃபிலிம் தீர்ந்தது. சுவரில் வெறும் வெள்ளைச் சதுரம். அவன் எழுந்துபோய் அந்த வெளிச்சத்தில் நின்றான். வீட்டில் இருந்தது இரண்டே பேர், இருவருக்கும் காது கேட்கும். இருந்தாலும் அவன் கையைத் தூக்கினான். பழக்கம் விட்டுப்போன, விறைத்த விரல்கள். ஆனால் மண்டபத்து வாசலில் பேசிய மாதிரி ஒடுக்கிப் பேசவில்லை. அறைக்கே தெரியும்படி, பெரிதாகக் கேட்டான்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

8

இங்கே நான் மாட்டிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதுடா, நான் திரும்பி நின்னேன்." இப்படி ஒரு முடிவு எழுதினேன். நேர்மையான முடிவுதான். அதற்குப் பிறகு அவன் எப்படித் தூங்குவான் என்று என்னால் எழுத முடியவில்லை.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு சொன்னாங்க." இதையும் எழுதினேன். அவன் அழுதான், நானும் கொஞ்சம் அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. கல்யாணத்தன்று அம்மாவின் வாயைப் பொத்தினான் மகன். இப்போது அந்த வாயில் நாமே சொல்லைத் திணிப்பதா? அவள் திட்டித் தீர்த்திருக்கலாம். திட்ட அவளுக்கு முழுப் பாத்தியதை உண்டு. அதற்காகத்தானே இருட்டைக் கேட்டாள்?

"நீ என் கையைக் கட்டினவன்னு—" இதை முடிக்க மனம் வரவில்லை.

எப்படி எழுதினாலும் அந்தக் கண்ணாடி அலமாரியில்தான் வந்து முட்டுகிறது. கண்ணாடி இருந்திருந்தால் மகள் பார்த்திருப்பாள். அப்படியானால் அவள் இப்போது சொல்லப்போவது அம்மாவின் சொல். ஆனால் அம்மா அவளை நம்பித்தான் திரும்பச் சொன்னாள், அந்த நம்பிக்கை போய்விடும். வெறும் சுவர் என்றால் நம்பிக்கை நிற்கும், சொல் போய்விடும். இரண்டையும் காப்பாற்ற எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இத்தனை காகிதத்தைக் கிழித்திருக்க மாட்டேன்.

அலமாரியை வாசலில்தான் இறக்கி வைத்திருக்கிறேன். கண்ணாடி உடையவில்லை. வேண்டுமென்றால் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிடலாம், வேண்டாமென்றால் அது அங்கேயே கிடக்கட்டும். இந்த வேலையை உங்களிடம்தான் விடுகிறேன்.

சீக்கிரம் சொல்லுங்கள். அவன் அந்த வெளிச்சத்திலேயே நிற்கிறான். அவள் பதில் சொல்லக் கையைத் தூக்கிவிட்டாள்.